குற்றப்பட்டியலில் விடுபட்ட குற்றம்

ஓசூரிலிருந்து சில கிலோமீட்டர் போனால் தொரப்பள்ளி. ஊராட்சியின் முழுப் பெயர் தொரப்பள்ளி அக்ரஹாரம். ராஜாஜி 1878-இல் பிறந்த வீடு அங்கே அரசு நினைவில்லமாக இருக்கிறது. 1950 ஜனவரி 26 காலை டெல்லி தர்பார் மண்டபத்தில், நாட்டின் கடைசி கவர்னர் ஜெனரலாக நின்று, இந்தியா குடியரசாகிவிட்டது என்ற பிரகடனத்தை வாசித்தவர் இந்த ஊர்க்காரர்தான். அதன் பிறகே ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார்.

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரித் தங்கை ஒருவர் போன ஜனவரியில் ஒரு கேள்வி கேட்டார். "அரசமைப்புச் சட்டத்தை 1949 நவம்பர் 26-லேயே ஏத்துக்கிட்டாங்களே, அப்புறம் எதுக்கு இரண்டு மாசம் காத்திருந்தாங்க?" கேட்கவேண்டிய கேள்வி. குடியுரிமை, தேர்தல் ஆணையம் போன்ற சில பிரிவுகள் மட்டும் நவம்பர் 26-ஆம் தேதியே நடைமுறைக்கு வந்துவிட்டன. மற்றதெல்லாம் ஜனவரி 26 வரை நிறுத்திவைக்கப்பட்டன. காரணம், இருபது ஆண்டுகளுக்கு முன்பு அதே தேதியில் ஊர் ஊராக வாசிக்கப்பட்ட ஒரு ஆவணம். 1930 ஜனவரி 26-இன் பூரண சுயராஜ்ய உறுதிமொழி. இந்தியாவின் சுதந்திரப் பிரகடனம் என்று எதையாவது சொல்லவேண்டுமானால் இதைத்தான் சொல்லவேண்டும். 1947-இல் நமக்கு வந்த சுதந்திரம் பிரிட்டன் நாடாளுமன்றம் ஜூலை மாதம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தின் வழியாக வந்தது. அதில் நாம் எழுதிய வரி ஒன்றுகூட இல்லை.

தோழர்களே, இந்த உறுதிமொழியை ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். இரண்டு பக்கம்தான். பள்ளிக்கூடப் பாடத்தில் லாகூர் மாநாடு, ராவி நதிக்கரை, நள்ளிரவில் நேரு ஏற்றிய கொடி என்று மனப்பாடம் செய்துவிட்டுத் தாண்டிப்போகிறோம். அந்த ஆவணம் என்ன சொன்னது என்று யாரும் நமக்கு வாசித்துக் காட்டியதில்லை.

அதன் கட்டுமானம் 1776 அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தைப் பின்பற்றியது. அமெரிக்கர்கள் முதலில் மனிதருக்குப் பறிக்க முடியாத உரிமைகள் உண்டு என்றார்கள். அவற்றைப் பறிக்கும் அரசை மாற்றவோ ஒழிக்கவோ மக்களுக்கு உரிமை உண்டு என்றார்கள். பிறகு இங்கிலாந்து மன்னர்மீது வரிசையாக இருபத்தேழு குற்றச்சாட்டுகள். மனுப்போட்டுப் பார்த்தோம், கேட்கவில்லை என்று ஒரு பத்தி. கடைசியில், ஆகவே இன்றுமுதல் நாங்கள் சுதந்திர நாடு என்ற அறிவிப்பு. பூரண சுயராஜ்ய உறுதிமொழியும் அப்படியே நடக்கிறது. உழைப்பின் பலனை அனுபவிப்பது பிற மக்களைப்போல இந்திய மக்களுக்கும் பறிக்க முடியாத உரிமை. அதைப் பறிக்கும் அரசை ஒழிக்கலாம். இதோ பிரிட்டிஷ் அரசு செய்த கேடுகள். இனி இதற்குப் பணிவது மனிதனுக்கும் கடவுளுக்கும் எதிரான குற்றம். ஆகவே வன்முறையின்றி ஒத்துழைப்பை விலக்கிக்கொள்வோம், வரிகொடாமை உட்படச் சட்டமறுப்புக்குத் தயாராவோம்.

இப்படிப்பட்ட ஆவணங்களில் எல்லோர் கண்ணும் முதல் பத்தியின் அழகான வார்த்தைகளில்தான் நிற்கும். நாம் பார்க்கவேண்டியது நடுவில் இருக்கும் குற்றப்பட்டியலை. ஒரு நாடு தன்னை எப்படிக் கற்பனை செய்துகொள்கிறது, அந்த 'நாம்' யார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். யாருடைய வலி குற்றமாக எழுதப்பட்டது, யாருடைய வலி எழுதப்படவில்லை? அமெரிக்கப் பிரகடனத்தின் வரைவில் ஜெபர்சன் அடிமை வணிகத்தையும் மன்னர்மீதான குற்றமாக எழுதியிருந்தார். அவரே அடிமைகளை வைத்திருந்தவர் என்பது தனிக் கதை. அவை அந்தப் பகுதியை வெட்டியெறிந்துவிட்டுத்தான் பிரகடனத்தை ஏற்றது. எழுபத்தாறு ஆண்டுகள் கழித்து, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸ், ஜூலை 4 கொண்டாட்டத்தின் மறுநாள் ராச்செஸ்டர் நகர மேடையில் நின்று, இந்த நாள் அடிமைக்கு என்ன தருகிறது என்று கேட்டார்.

இந்தியப் பட்டியலுக்கு வருவோம். பொருளாதாரம், அரசியல், பண்பாடு, ஆன்மிகம் என நான்கு வகைச் சீரழிவு.

பொருளாதாரத்தில்: ஓர் இந்தியரின் சராசரி வருமானம் நாளுக்கு ஏழு பைசா, அந்தக் காலக் கணக்கில் ஒண்ணே முக்கால் அணா. கட்டும் வரியில் இருபது சதவீதம் விவசாயிகளின் நிலவரியிலிருந்தும், மூன்று சதவீதம் உப்பு வரியிலிருந்தும் எடுக்கப்படுகிறது. கைநூற்பு போன்ற கிராமத் தொழில்கள் அழிந்து விவசாயிகள் வருடத்தில் நான்கு மாதமாவது வேலையில்லாமல் கிடக்கிறார்கள். உப்பு வரி ஏழையை நசுக்கியது உண்மை. நம் பாட்டன்மாரையும் அது நசுக்கியது. நிலவரி வரியில்தான் நாம் நிற்கவேண்டும். நிலவரி கட்ட முதலில் பட்டா வேண்டும். பண்ணையில் கூலி நெல்லுக்கு உழைத்தவர் அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறார்? அவருடைய கூலியைப் பிடித்துவைத்தது லண்டனில் இருந்த அரசா, பக்கத்துத் தெருவில் இருந்த பட்டாதாரா? செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் சென்னை மாகாணத்தில் பஞ்சமருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அதுதான் நாம் இன்றும் மீட்கப் போராடும் பஞ்சமி நிலம். அது கைமாறிப்போன கதையில் வெள்ளைக்காரர் எத்தனை பேர் என்று எண்ணிப்பாருங்கள்.

அரசியலில்: உண்மையான அதிகாரம் எதுவும் தரப்படவில்லை, பேச்சுரிமையும் கூடும் உரிமையும் மறுக்கப்பட்டன, நம்மவர்களின் நிர்வாகத் திறமை கொல்லப்பட்டு, சின்னச் சின்னக் கிராம உத்தியோகங்களோடும் குமாஸ்தா வேலைகளோடும் திருப்திப்பட வேண்டியிருக்கிறது என்கிறது உறுதிமொழி. இந்த வரியைப் படித்தபோது எங்கள் வட்டத்தில் ஒரே சிரிப்பு. கிராம உத்தியோகம் அற்பமாம்! கர்ணம், மணியக்காரர் நாற்காலிகள் யாரிடம் இருந்தன? வெட்டியான், தோட்டி வேலைகள் யார் தலையில் பரம்பரையாகக் கட்டப்பட்டன? எட்டிய பதவி போதவில்லை என்பவரின் குறை அங்கே எழுதப்பட்டிருக்கிறது. குமாஸ்தா நாற்காலியைக் கண்ணால்கூடப் பார்க்காதவரின் குறைக்கு இடமில்லை.

பண்பாட்டில்: ஆங்கிலக் கல்வி நம்மை வேரிலிருந்து பிடுங்கிவிட்டது என்று குற்றச்சாட்டு. பள்ளிக்கூட வாசலில் நிறுத்தப்பட்டவனுக்கு வேர் எங்கே, பிடுங்கல் எங்கே? ஆன்மிகத்தில்: ஆயுதம் பறிக்கப்பட்டதால் ஆண்மை இழந்தோம், திருடர்களிடமிருந்து வீட்டைக் காக்கவும் முடியாதவர்களாக எண்ணப் பழக்கப்பட்டோம் என்கிறது. இதற்கு ஒரு வார்த்தைதான் சொல்லலாம். சேரிமீது தீவைக்க வந்தவர்கள் ஒருநாளும் ஆயுதமில்லாமல் வந்ததில்லை.

நான்கு வகைச் சீரழிவிலும் தீண்டாமை என்ற சொல் இல்லை. சாதி என்ற சொல் இல்லை.

நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த நாளை எப்படிக் கழிக்கலாம் என்று காந்தி தந்த யோசனைகளில் நூல் நூற்பது, இந்து முஸ்லிம் ஒற்றுமை, மதுவிலக்கு ஆகியவற்றோடு 'தீண்டத்தகாதோருக்குச் சேவை' என்பதும் இருந்தது. ஆக, அவர்கள் நம்மை மறந்துவிடவில்லை. நம்மை எந்தப் பத்தியில் வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிரிட்டிஷ்காரர் செய்தது குற்றம். அது பிரகடனத்தில் ஏறியது. சாதி இந்துக்கள் செய்தது சேவையால் சரிசெய்யப்பட வேண்டிய குறை. அது அன்றைய வேலைத்திட்டத்தில் ஏறியது. குற்றத்துக்குத் தண்டனையும் ஈடும் உண்டு. சேவைக்குச் செய்பவரின் மனசு மட்டும்தான் கணக்கு.

ராஜாஜியையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். 1932 பூனா ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். 1938-இல் அவர் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, எம்.சி.ராஜா கொண்டுவந்த மசோதாவின் வழியாகப் பொது இடங்களில் தீண்டாமையைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அதே ராஜா கோயில் நுழைவுக்கு மசோதா கொண்டுவந்தபோது அரசு ஆதரவு தரவில்லை. மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் போதும் என்றது. எப்போது, எவ்வளவு என்பதைத் தருகிறவரே முடிவு செய்வார். 1953-இல் இதே மனிதர்தான் குலக்கல்வித் திட்டத்தோடு வந்தார்.

அப்படியானால் நம் குற்றப்பட்டியலை யாருமே எழுதவில்லையா? எழுதினார்கள். அதே ஆண்டுகளில் எழுதினார்கள். நம் வீட்டுச் சுவரில் அது மாட்டப்படவில்லை, அவ்வளவுதான்.

1927 மார்ச் 20-இல் மகாட் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தது எல்லோருக்கும் தெரியும். டிசம்பர் 25-இல் அதே ஊரில் கூடிய மாநாட்டைப் பலர் மனுஸ்மிருதி எரிப்போடு மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அன்று அண்ணல் அம்பேத்கர் தம் உரையில், இந்தக் கூட்டத்தை 1789-இல் வெர்சாயில் கூடிய பிரெஞ்சு தேசிய சபைக்கு ஒப்பிட்டார். மனிதர் பிறப்பால் சமம் என்ற உரிமைப் பிரகடனத்தை அந்த மாநாடு தீர்மானமாகவே போட்டது. லாகூருக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு!

அடுத்தது 1930 நவம்பர், லண்டன் வட்டமேசை மாநாடு. ஒடுக்கப்பட்டோர் சார்பில் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் அம்பேத்கர். இன்னொருவர் 'பறையன்' இதழை 1893-இல் தொடங்கிய நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். நவம்பர் 20 அன்று அம்பேத்கர் ஆற்றிய உரையின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். வெள்ளைக்காரன் வருமுன் எங்களுக்கு ஊர்க்கிணறு இல்லை, இப்போது இருக்கிறதா? அன்று கோயிலுக்குள் விடவில்லை, இன்று விடுகிறார்களா? அன்று காவல்துறையில் இடமில்லை, இன்று உண்டா? இராணுவ வேலை இன்று எங்களுக்குத் திறந்திருக்கிறதா? எந்தக் கேள்விக்கும் ஆம் என்ற பதில் இல்லை. ஆகவே மக்களின் அரசு வேண்டும் என்று முடித்தார். சுதந்திரப் பிரகடனங்களின் அதே வடிவம்தான்: குற்றப்பட்டியல், பிறகு ஆகவே. ஆனால் கூண்டில் இரண்டு பேர் நிற்கிறார்கள். குற்றம் செய்தவனும், நூற்றைம்பது வருடம் ஆட்சியில் இருந்தும் அதைத் தடுக்காதவனும். அம்பேத்கரை வெள்ளைக்காரனின் ஆள் என்று இன்றும் வாட்ஸ்ஆப்பில் எழுதுகிறவர்களிடம் இந்த ஒரு உரையைக் கொடுங்கள்.

அந்த மாநாட்டில் இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்த மனுதான் எங்களைப் பொறுத்தவரை நம்முடைய தொடக்க ஆவணம். சுயாட்சி பெறும் இந்தியாவில் பெரும்பான்மையின் ஆட்சிக்கு உட்பட ஒடுக்கப்பட்டோர் வைத்த எட்டு நிபந்தனைகள். சமக் குடியுரிமை, அந்த உரிமையைத் தடையின்றி அனுபவிக்கப் பாதுகாப்பு, பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பு, சட்டமன்றங்களில் பிரதிநிதித்துவம், அரசுப் பணிகளில் இடம், புறக்கணிக்கப்பட்டால் மேல்முறையீடு, தனித் துறை, அமைச்சரவையில் பங்கு.

இரண்டாவது நிபந்தனையில் சற்று நில்லுங்கள். உரிமை இருக்கிறது என்று எழுதிவிட்டால் போதாது, அதை அனுபவிக்கப் போகிறவனை ஊர் என்ன செய்யும் என்று அவர்கள் யோசித்தார்கள். அடிக்கும். அடிக்க முடியாவிட்டால் ஊர்க்கட்டுப்பாடு போடும். கடையில் சாமான் கிடையாது, வயலில் வேலை கிடையாது, பாதையில் நடக்கக்கூடாது. ஆகவே சமூகப் புறக்கணிப்பைத் தனிக் குற்றமாக்கி, அதைச் செய்பவருக்கும் தூண்டுபவருக்கும் மிரட்டுபவருக்கும் தண்டனை கேட்டார்கள். அதற்கான சட்ட வாசகத்தை 1922-ஆம் ஆண்டு பர்மாவின் புறக்கணிப்புத் தடைச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். உரிமை மறுப்புக்கான தண்டனைக்கு அமெரிக்காவின் 1866, 1875 குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டங்களை எடுத்தார்கள். அடிமை முறை ஒழிந்தபின் கறுப்பின மக்களுக்காக வந்த சட்டங்கள் அவை. காங்கிரஸ் அமெரிக்காவிடமிருந்து 1776-ஐ எடுத்துக்கொண்டது. நம்மவர்கள் 1866-ஐ எடுத்துக்கொண்டார்கள். 1776 அறிவித்த சமத்துவத்தை அடிமையின் வீட்டுக்குக் கொண்டுசேர்க்க ஒரு உள்நாட்டுப் போர் தேவைப்பட்டதே, அந்த அனுபவத்தை.

இந்த இரண்டு ஆவணங்களும் நேருக்குநேர் சந்தித்த இடம் அரசியல் நிர்ணய சபை. 1946 டிசம்பர் 13-இல் நேரு குறிக்கோள் தீர்மானத்தை முன்மொழிந்தார். மொத்தம் எட்டுப் பத்திகள். குடியரசு, மக்களிடமிருந்தே அதிகாரம், சமூக பொருளாதார அரசியல் நீதி. ஆறாவது பத்தியில் சிறுபான்மையினர், பழங்குடிப் பகுதிகளோடு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கும் பாதுகாப்பு. 1930-இல் இல்லாத நாம் இப்போது உள்ளே வந்துவிட்டோம். டிசம்பர் 17-இல் அம்பேத்கர் பேசினார். ஒற்றுமை பற்றிய பகுதிக்காகத்தான் அந்த உரையைப் பொதுவாகப் புகழ்வார்கள். அதற்கு முன்பு அவர் வைத்த விமர்சனம் நமக்கு முக்கியம். தீர்மானம் உரிமைகளைச் சொல்கிறது, உரிமை பறிக்கப்பட்டால் பரிகாரம் என்ன என்று சொல்லவில்லை. பரிகாரமில்லாத உரிமை உரிமையே இல்லை என்றார். சமூக பொருளாதார நீதி உண்மையாக வேண்டுமென்றால் நிலத்தையும் தொழிற்சாலைகளையும் நாட்டுடைமை ஆக்குவோம் என்று தீர்மானம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். இரண்டு நாள் கழித்து, சென்னை மாகாணத்திலிருந்து போன தாட்சாயணி வேலாயுதன் பேசினார். அந்தச் சபையின் ஒரே தலித் பெண். அரசமைப்புச் சட்டம் எழுதுவதோடு இந்தச் சபையின் வேலை முடியாது, மக்களுக்குப் புதிய வாழ்க்கைமுறையைத் தரவேண்டும் என்பது அவர் வாதம். தீர்மானம் 1947 ஜனவரி 22-இல் நிறைவேறியது. நாட்டுடைமை வரவில்லை.

பரிகாரம் வந்தது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து, அதைக் கடைப்பிடிப்பதைத் தண்டனைக்குரிய குற்றம் ஆக்கியது. 1948 நவம்பர் 29-இல் சபை அதை ஏற்றது. 1930-இல் விடுபட்ட குற்றம் பட்டியலில் ஏறிய நாள் அது. உரிமை பறிபோனால் நேரே உச்ச நீதிமன்றம் போகலாம் என்ற 32-ஆம் பிரிவை அம்பேத்கர் இந்தச் சட்டத்தின் ஆன்மா, இதயம் என்றார். குறிக்கோள் தீர்மானத்தில் இல்லாத சகோதரத்துவம் என்ற சொல்லை 1948 பிப்ரவரியில் அவர் தலைமையிலான வரைவுக்குழு முகப்புரையில் சேர்த்தது. கடைசிப் பிரிவான 395, பிரிட்டன் தந்த 1947 சுதந்திரச் சட்டத்தையே ரத்துசெய்கிறது. இனி எங்கள் சுதந்திரத்துக்கு உங்கள் காகிதம் தேவையில்லை என்ற அறிவிப்பு. தொரப்பள்ளிக்காரர் வாசித்த பிரகடனத்துக்குப் பின்னால் இருந்தது இது.

இப்போது நம் எல்லைக்கு வருவோம். சிப்காட் தொடங்கிய பிறகு அரசே நிலம் எடுத்து, அரசே பிரித்துக் கம்பெனிகளுக்குக் கொடுத்தது. தனியார் கம்பெனி கேட்டுக்குள் இடஒதுக்கீடு நுழையாது. ஐந்தாவது நிபந்தனை அரசுப் பணியோடு நின்றது. 1946-இல் அம்பேத்கர் கேட்ட நாட்டுடைமை நடக்காததால், அரசுப் பணி சுருங்கச் சுருங்க அந்த நிபந்தனையும் சுருங்குகிறது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒப்பந்தத் தொழிலாளியாக ஷிப்டுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இது பாடப்புத்தகம் பார்த்துத் தெரிந்த விஷயமில்லை.

ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் இன்னொன்று. 341-ஆம் பிரிவின்படி பட்டியல் சாதி என்பது அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தது. ஒரு மாநிலத்துச் சான்றிதழை வைத்து இன்னொரு மாநிலத்தில் இடஒதுக்கீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு 1990-இல் தீர்ப்பளித்தது. வேலைக்காக எல்லை தாண்டிக் குடியேறும் ஹொலையர், மாதிகர், ஆதிதிராவிடர் எல்லோருக்கும் இது பொருந்தும். சலுகை எல்லையில் இறங்கிக்கொள்கிறது. சாதி இறங்குவதில்லை. 2018 நவம்பரில், ஓசூர் பக்கம் சாதி கடந்து மணந்து வாழ்ந்த இளம் இணையர் கடத்திக் கொல்லப்பட்டார்கள். உடல்கள் கர்நாடகத்தில் காவிரியில் கிடைத்தன. சகோதரத்துவம் என்ற சொல்லை முகப்புரையில் யாராவது அலங்காரம் என்று சொன்னால் எங்களுக்கு நினைவுக்கு வருவது அந்த ஆறுதான்.

ஊர்க்கட்டுப்பாட்டைக் குற்றமாக்கச் சொன்ன இரண்டாம் நிபந்தனை என்ன ஆனது? 1955 தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தில் ஒரு விளக்கக் குறிப்பாக நுழைந்தது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015-இல் செய்த திருத்தத்தின் மூலம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு தனிக் குற்றமானது. அம்பேத்கரும் தாத்தா சீனிவாசனும் கேட்டு எண்பத்தைந்து ஆண்டுகள். அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த தேதி 2016 ஜனவரி 26.

வருகிற ஜனவரி 26-இல் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடும். எட்டு நிபந்தனைகளையும் தமிழில் இரண்டு பக்கமாக அச்சடித்து வைத்திருக்கிறோம். தளி, கெலமங்கலம், சூளகிரி, பர்கூர் பக்கத்துத் தோழர்கள் கேட்டால் அனுப்புவோம். கூடவே ஒரு தகவல் உரிமை மனுவும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 17-ஆவது விதிப்படி மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டும். கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, புறக்கணிப்புப் பிரிவில் எத்தனை வழக்குகள் அதன்முன் வந்தன என்று அந்த மனு கேட்கிறது.